நீக்கும் கட்டளையை அறிதல்: இளம் கணினி நிர்வாகிக்கு ஒரு கடிதம்



யூனிக்ஸ் இயங்குதளத்தைக் கற்கத் தொடங்குபவர் நூறு கட்டளைகளை மனப்பாடம் செய்வதைவிட, கோப்புகளை நீக்கும் ‘ஆர்எம்’ என்னும் ஒரு கட்டளையை அடிவரை அறிந்துகொள்வது மேலானது. அதை அறியும்போதே அவ்வியங்குதளத்தின் உள்ளமைப்பில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது, நொடிக்குப் பத்து எழுத்துகளே அச்சிடும் தொலையச்சுப்பொறிகள் புழக்கத்தில் இருந்தன. கட்டளைப் பெயர்கள் ஈரெழுத்தாகச் சுருங்கியதும், வேலை முடிந்தபின் எதுவும் அச்சிடாத வழக்கமும் அச்சூழலுக்கு இயல்பாகப் பொருந்தியவை. எனவே ஆர்எம் மௌனமாக முடிந்தால் கோப்பு நீங்கிவிட்டது என்றே பொருள். திரும்ப எடுத்துக்கொள்ள அங்கே குப்பைத்தொட்டி கிடையாது.

தட்டச்சிட்ட வரியை முதலில் படிப்பது ஆர்எம் அன்று. பயனருக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று கட்டளைகளைப் பிரித்தறியும் ‘ஷெல்’ என்னும் நிரலே அதைப் படிக்கிறது. வரியில் நட்சத்திரக் குறி இருந்தால், அதற்குப் பொருந்தும் கோப்புப் பெயர்களை ஷெல்லே நிரப்பி அப்பட்டியலை ஆர்எம்மிடம் ஒப்படைப்பதால், நட்சத்திரத்தை ஆர்எம் காண்பதே இல்லை. நட்சத்திரத்துக்கும் அதைத் தொடரும் எழுத்துகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்தால் நட்சத்திரம் தனிச்சொல்லாகி, புள்ளியில் தொடங்கும் பெயர்கள் நீங்கலாக, நடப்பு அடைவிலுள்ள எல்லாப் பெயர்களையும் இழுத்து வந்துவிடும். அதே வரியில் ஆர்எம்முக்குப் பதிலாக, தரப்பட்ட சொற்களை அச்சிடும் ‘எக்கோ’ கட்டளையை இட்டு முதலில் இயக்கினால், நீங்கவிருக்கும் பெயர்கள் கண்முன் விரியும். அனுபவம் முதிர்ந்தபின்னும் கைவிடக்கூடாத பழக்கம் இது.

இதனினும் நுட்பமானது, கோப்பும் அதன் பெயரும் வெவ்வேறு என்பது. அடைவு என்பது பெயர்களை ‘ஐநோடு’ எண்களோடு இணைக்கும் பட்டியல். கோப்பின் உரிமையாளர், அளவு, உள்ளடக்கம் இருக்கும் இடம் ஆகிய விவரங்களைத் தாங்குவது ஐநோடு. ஆர்எம் நீக்குவது பட்டியலில் உள்ள பெயரை மட்டுமே. அதனால்தான் ஒரு கோப்பை நீக்க, அக்கோப்பில் எழுதும் உரிமையன்று, அது இருக்கும் அடைவில் எழுதும் உரிமையே தேவைப்படுகிறது. ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம் என்பதால், கடைசிப் பெயரும் நீங்கி, அக்கோப்பைத் திறந்து வைத்துள்ள நிரல்கள் அனைத்தும் அதை மூடிய பிறகே வட்டில் இடம் விடுபடும். வட்டு நிரம்பியதென்று பெரியதொரு பதிவுக் கோப்பை நீக்கியும் இடம் கூடாத நிலையில், இளம் நிர்வாகி மேலும் கோப்புகளை நீக்கிக்கொண்டே போகாமல், அதை இன்னும் திறந்து வைத்திருக்கும் நிரலைத் தேட வேண்டும்.