பறக்குமுன் விமானியின் கடன்

ஆகாய விமானியின் திறமை வானிலேதான் விளங்குமெனப் பிரயாணிகள் பலர் எண்ணுவர். அவரது கடமையோ விமானம் நிலத்தில் நிற்கும்போதே தொடங்கிவிடுகின்றது. வானிலை, இயந்திரங்களின் நிலை, ஏற்றிய பாரம், எரிபொருள் ஆகியன பயணத்துக்குப் பொருந்துவனவெனத் தலைமை விமானி தெளிந்த பின்னரே புறப்படல் வேண்டுமென்பது சர்வதேச விதி. இவற்றுள் எரிபொருளொன்றையே ஈண்டு நோக்குவாம். அதனுட் கணக்கும் கலந்திருத்தலின் மாணாக்கர்க்கு அஃது உவப்பாகும்.

1983 ஆம் ஆண்டு யூலை 23 ஆம் நாள், எயர் கனடாவின் போயிங் 767 விமானமொன்று மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்றனுக்குச் செல்லவிருந்தது. எரிபொருளளவு காட்டுங் கருவிகள் பழுதுற்றிருந்தன. அந்நிலையிற் புறப்படல் விதிக்கு மாறானது. எனினும் தாங்கிகளைக் கோல்கொண்டு அளந்து கணக்கிட்டாற் போதுமெனக் கொண்டனர். 7,682 லீற்றர் இருந்தது. வேண்டியது 22,300 கிலோகிராம். லீற்றரைக் கிலோகிராமாக்குதற்கு ஏறத்தாழ 0.8 ஆற் பெருக்கல் வேண்டும். அவர்களோ 1.77 ஆற் பெருக்கினர். அஃது இறாத்தலுக்குரிய எண். ஏறத்தாழ 6,200 கிலோகிராமாயிருந்த எரிபொருள் இவ்வாறு 13,597 கிலோகிராமாகத் தோன்றிற்று. 20,000 லீற்றர் வரை நிரப்ப வேண்டியவிடத்து 5,000 லீற்றர்கூட நிரப்பப்படவில்லை.

ஒட்டாவாவில் தலைமை விமானி மீண்டும் அளக்கச் செய்தார். அது பாராட்டத்தக்கதே. ஆயினும் அங்கும் அதே 1.77 கையாளப்பட்டது. பிழையான வாய்பாட்டை இருமுறை ஒப்புவித்தாற் சரியாகிவிடாதென்பதை வகுப்பறையில் நாம் நாடோறுங் காண்கின்றோம். மண்ணெண்ணெய் நீரில் மிதக்குமென்பதைச் சிறுவரும் அறிவர். விமான எரிபொருளும் அவ்வினத்ததே. ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராமாயின், அதினும் இலேசான எண்ணெய் 1.77 கிலோகிராம் எங்ஙனமாகும்? இவ்வொரு வினா எழுந்திருப்பின் பிழை வெளிப்பட்டிருக்கும்.

41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீரத் தொடங்கியது. சிறிது நேரத்தில் இரு எந்திரங்களும் நின்றன. மிதவை விமானமோட்டிப் பழகியிருந்த தலைமை விமானி, மனிற்றோபா மாகாணத்துக் கிம்லியிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் அதனை இறக்கினார். 69 பேரும் உயிர் தப்பினர்.

முன்னைய விமானங்களில் இக்கணக்கைப் பார்த்தற்கு மூன்றாமவராகப் பறப்புப் பொறியியலாளர் ஒருவர் இருந்தார். இப்புதிய விமானத்தில் விமானிகள் இருவரே. கணக்கு யாருடைய பொறுப்பென்பதைக் கம்பனி தெளிவாக வகுக்கவில்லை என விசாரணை கண்டது. கம்பனியின் குறை பெரிதே. ஆயினும் வகுக்கப்படாத வேலை தலைமை விமானியையே சாரும் என்பது எம் துணிபு. புறப்படலாம், புறப்படலாகாது எனக் கூறும் இறுதி அதிகாரம் அவரிடமே உள்ளது.