வண்டியைப் பூட்டிவிட்டு ஊருக்கா? பேட்டரியைக் கவனியுங்கள்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீட்டு வாசலில் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

• வண்டி சும்மா நின்றாலும் கடிகாரம், அலாரம், ஜிபிஎஸ் கருவி கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ்; மாட்டும்போது முதலில் பிளஸ்.

• மல்டிமீட்டரில் சுமார் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள். காலியாகவே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகி, பேட்டரி வீணாகும்.

• ஒயரைக் கழற்றவில்லையா? ஐந்து நிமிடம் ஆன் செய்து அணைப்பதால் பயனில்லை. லைசென்ஸ் உள்ள, நம்பகமான ஆளிடம் சாவி கொடுத்து, வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள்.

• பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால், ஒயரைக் கழற்றியபின் சமையல் சோடா கரைத்த நீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேயுங்கள். நன்கு துடைத்துக் காய்ந்ததும் ஒயரை மாட்டி வாஸ்லின் தடவுங்கள்.

• வெயிலில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், நிழலில் நிறுத்துங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைத் தண்ணீர் தேங்காத மேட்டுப் பகுதியே நல்லது.