பர்மியப் பௌத்தர் இல்லறம்: நாம் அறிய வேண்டியவை

யாங்கோனிலிருந்து பகோ ஆற்றைக் கடந்தால் தன்லியின், பழம்பெயர் சிரியம். இங்கே நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பர்மியருடன் கலந்து வாழ்கின்றன. கலப்பு மணங்களும் உண்டு. எனவே அவர்தம் வழக்கத்தை நாம் அறிந்திருப்பது நலம்.

நமக்குத் திருமணம் ஒரு சடங்கு. தாலியும் அக்கினியும் சாட்சி. பர்மியப் பௌத்தருக்கோ அது இருவர் இசைவால் ஏற்படும் உடன்பாடு. பிக்குகள் மணம் முடித்து வைப்பதில்லை. இருவரும் மனமொத்துக் கணவன் மனைவியாக வாழ, ஊரும் அவ்வாறே அறிந்தால் வழக்கப்படி அது திருமணமே. மனைவி தன் பெயரையும் மாற்றிக்கொள்வதில்லை.

பிரிவுக்கும் இசைவே அடிப்படை. இருவரும் ஒப்பினால் பெரியோர் முன்னிலையில் மணவிலக்குப் பெறலாம். சேர்ந்து தேடிய சொத்தைச் சமமாகப் பகிர்வர். கணவன் விட்டகன்று 3 ஆண்டுகள் பராமரிக்காவிடில், மனைவி மணவிலக்குக் கோரலாம்.

ஆங்கிலேயர் காலத்தில், இந்து ஆணுடன் வாழ்ந்த பௌத்தப் பெண்ணை இந்துச் சட்டம் மனைவியாக ஏற்கவில்லை. கைவிடப்பட்டால் அவளும் பிள்ளைகளும் உரிமையின்றித் தவித்தனர். இக்குறை நீக்க 1939இல் பௌத்தப் பெண்களுக்கென ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1954இலும் 2015இலும் புதிய சட்டங்கள் வந்தன. இன்று இத்தகைய மணங்களில் மணவிலக்குக்கும் வாரிசுரிமைக்கும் பௌத்த வழக்கே செல்லும்.

பர்மிய மருமகளை வரவேற்கும் இல்லத்தார் தாலியோடு நின்றுவிடலாகாது. மணத்தை முறைப்படி பதிவும் செய்வோம். நம் வீட்டுக்கு வந்த பெண்ணின் உரிமையைக் காப்பதும் அறமே.