நில மதிப்பாளரின் நடுநிலைமையும் அத்தாட்சிக் கையொப்பமும்

நிலத்தை ஈடு காட்டிக் கடன் வாங்கும் காரியத்தில் மூவர் சம்பந்தப்படுகின்றனர். கடன் வாங்குபவர் ஒருவர். கடன் கொடுப்பவர் ஒருவர். நிலத்தின் பெறுமானம் இன்னதென்று சொல்லும் மதிப்பாளர் ஒருவர். முதலிருவருக்கும் கடன் எப்படியேனும் முடியவேண்டும் என்ற விருப்பம் இயல்பாகவே உண்டு. குடியானவர் தொகை பெரிதாகக் கிடைக்கவேண்டும் என்பார். தரகர் தமது தரகு பெருகவேண்டும் என்பார். இவ்விருப்பங்களுக்கு வெளியே நின்று, உள்ளதை உள்ளபடி சொல்வதற்காகவே மூன்றாமவர் அமர்த்தப்படுகிறார். அவரும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், ஈடு என்பது பெயரளவில் மட்டுமே நிற்கும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த நடுநிலைமையைக் காக்கும் பொருட்டு நூறாண்டுகளுக்கு மேலாகப் பல ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. அவற்றின் தொடர்ச்சியாக, கடன் கொடுக்கும் ஸ்தாபனங்கள் மதிப்பாளரிடம், "நடுநிலைமை விதிகள் அனுசரிக்கப்பட்டன" என்று தனி அத்தாட்சி கேட்கும் வழக்கமும் அங்கே உண்டாயிற்று. அத்தாட்சி எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை அறிவது, நிலத்தின்மீது கடன் வாங்குவோருக்கும், பிறர் காரியங்களில் கையொப்பமிடும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒருங்கே பயன்தரும்.

1. 1916 ஆம் ஆண்டின் ஏற்பாடு

அந்நாட்டுக் குடியானவர்களுக்கு நீண்டகாலக் கடன் கிடைப்பதற்காக 1916 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி 12 பெடரல் நிலப் பாங்கிகள் ஏற்பட்டன. கடனுக்கு வட்டி நூற்றுக்கு 6 க்கு மேற்படலாகாது. தவணை 5 முதல் 40 வருஷம் வரை. கடன் தொகை நிலத்தின் மதிப்பில் பாதிக்கும், இன்ஷூர் செய்யப்பட்ட நிலையான கட்டடம் முதலியவற்றின் மதிப்பில் ஐந்திலொரு பங்குக்கும் மேற்படலாகாது என்று வரையறுக்கப்பட்டது.

இவ்வரையறை முழுவதும் மதிப்பு என்ற ஒரே ஆணியில் தொங்குவதைச் சட்டமியற்றியோர் அறிந்திருந்தனர். ஆகவே ஊரார் அடங்கிய கடன் குழு முதலில் நிலத்தைப் பார்த்து எழுதவேண்டும். பின்னர், பாங்கியால் அன்றி, மேலேயுள்ள சர்க்கார் போர்டால் நியமிக்கப்பட்ட மதிப்பாளர் பார்த்து எழுதவேண்டும் என்று இரு அடுக்காக விதித்தனர். மேற்படி சட்டத்தின்கீழ்க் கடன் வாங்கிய எவரும் இம்மதிப்பாளராக இருக்கலாகாது. கடன் வாங்கியவர் ஊர்க் குழுவில் அமரலாம். ஆனால் தமக்குச் சம்பந்தமுள்ள கடனில் அமரலாகாது. மதிப்புக்கு அடிப்படை விவசாய உபயோகமே என்றும், நிலம் தரும் வருமானமே அதில் பிரதானம் என்றும் சட்டமே கூறிற்று. இங்கே நடுநிலைமை ஒருவருடைய வாக்குறுதியால் அன்றி, நியமிப்பவர் யார் என்ற ஏற்பாட்டினாலேயே தேடப்பட்டது கவனிக்கத்தக்கது.

2. மிகை மதிப்பால் வரும் கேடு

இதை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம். ஒரு பண்ணையின் உண்மை மதிப்பு 12,000 டாலர். செலவு போக வருஷ வருமானம் 500 டாலர் என்று கொள்க. பாதி மதிப்புக்குக் கடன் 6,000. நூற்றுக்கு 6 வீதம் வட்டி 360. மீதி 140 டாலர் அசலில் கழியும்.

மதிப்பாளர் வற்புறுத்தலுக்கு இணங்கி 18,000 என்று எழுதினால் கடன் 9,000 ஆகும், வட்டி 540. நல்ல விளைச்சலுள்ள வருஷத்திலேயே வட்டிக்கு 40 டாலர் குறைகிறது. பிறகு நிலவிலை 8,000 க்கு இறங்குமாயின், 6,000 கடன் பட்டவர் நிலத்தை விற்றுக் கடன் தீர்த்தபின் 2,000 உடன் மிஞ்சுவார். 9,000 கடன் பட்டவரோ நிலத்தையும் இழந்து, மேலும் 1,000 பாக்கிக்கும் ஆளாவார். மிகை மதிப்பு கடனாளிக்குச் செய்யும் உதவிபோலத் தோன்றினும், வாங்கும் நாளில் மட்டுமே அது இனிக்கும். முதல் மகாயுத்தத்தின்போது உயர்ந்த அமெரிக்க நிலவிலை 1920 க்குப் பின் வீழ்ந்தபோது, உயர்ந்த விலையை நம்பிக் கடன்பட்ட எண்ணிறந்த குடும்பங்கள் இவ்விதமே பண்ணைகளை இழந்தன.

3. பிற்காலச் சட்டங்கள்

1980 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் சேமிப்புக் கடன் ஸ்தாபனங்கள் பல முறிந்தன. தகுதியற்ற மதிப்புகளும் அதற்கு ஒரு காரணமெனக் கண்டு, 1989 ஆம் ஆண்டின் சட்டம் மதிப்பாளர்கள் அந்தந்த இராஜ்யத்தில் லைசென்ஸ் அல்லது தகுதிப் பத்திரம் பெறவும், பொதுவான ஒழுங்குவிதிகளை அனுசரிக்கவும் வழிவகுத்தது.

ஆயினும் வற்புறுத்தல் ஒழியவில்லை. கடன் முடிந்தாலன்றித் தரகு கிடைக்காத தரகர்களே மதிப்பாளரைத் தெரிந்தெடுத்து வந்தமையால், வேண்டிய தொகையை எழுதாதவருக்கு அடுத்த வேலை கிடைப்பது அரிதாயிற்று. வீட்டுக் கடன்கள் பெருவாரியாக முறிந்த பிறகு, நியூயார்க் இராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரலுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, 2009 ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஒரு நடத்தை விதித்தொகுதி அமலுக்கு வந்தது. 2010 ஆம் ஆண்டின் சட்டம் அதன் நோக்கத்தை நிலையான விதியாக்கிற்று. கடன் வாங்குபவர் குடியிருக்கும் வீட்டின் மீதான கடன்களுக்கு இச்சட்டம் உரியது; பண்ணைக் கடன் ஸ்தாபனங்களுக்கு, 1933 ஆம் ஆண்டில் ஏற்பட்ட பண்ணைக் கடன் நிர்வாகத்தின் தனி விதிகள் உண்டு.

மேற்படி 2010 ஆம் ஆண்டின் சட்டப் பிரகாரம், மதிப்பாளரை அச்சுறுத்தியோ, கைக்கூலி கொடுத்தோ, கூலியை நிறுத்தி வைத்தோ குறித்த தொகையை எழுதச் செய்தல் குற்றம். நிலத்திலோ கடனிலோ லாபசம்பந்தமுடைய ஒருவர் அதனை மதிப்பிடுதலும் தவறு. ஆனால் விட்டுப்போன விவரத்தைக் கவனிக்கும்படியும், காரணத்தை விரித்து எழுதும்படியும், பிழையைத் திருத்தும்படியும் கேட்பதற்குத் தடையில்லை. விதிமீறலுக்கு முதன்முறை நாளொன்றுக்கு 10,000 டாலர் வரையும், பின்னர் 20,000 டாலர் வரையும் அபராதம் என்று அச்சட்டம் விதித்தது.

4. எதற்கு அத்தாட்சி கொடுக்கலாம்

வீட்டுக் கடன்களை விலைக்கு வாங்கும் பெரிய ஸ்தாபனங்களுக்கு, நடுநிலைமை விதிகள் அனுசரிக்கப்பட்டன என்று பாங்கியே உத்தரவாதம் செய்ய நேர்கிறது. அப்பாரத்தில் ஒரு பகுதியை மதிப்பாளர் தோளில் மாற்றிவைக்கும் நோக்கத்துடன் தனி அத்தாட்சி கேட்கப்படுவதும் உண்டு. அதன் வாசகங்களை இரு வகையாகப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதல் வகை, மதிப்பாளர் தம் செயலைப் பற்றிச் சொல்வது. நிலத்தில் தமக்கு இப்போதும் இனியும் லாபசம்பந்தம் இல்லை. கட்சிக்காரரிடம் பட்சபாதம் இல்லை. முன்கூட்டிக் குறித்த தொகையை எழுதுவதாக ஒப்புக்கொண்டு வேலை ஏற்கவில்லை. கூலி மதிப்பின் ஏற்றத் தாழ்வைப் பொறுத்ததன்று. முந்திய 3 வருஷங்களில் அதே சொத்து சம்பந்தமாகத் தாம் செய்த வேலை இன்னது என்பன. இவற்றை ஒழுங்குவிதிகளே அவரது அறிக்கையில் எழுதும்படி கேட்கின்றன. இவை அவர் அறிந்தவை. ஆகவே தடையின்றிக் கையொப்பமிடலாம்.

இரண்டாம் வகை, பிறர் செயலைப் பற்றியது. தம்மைத் தெரிந்தெடுத்தவர் கடன் பிரிவின் சிப்பந்தியா, வேறு பிரிவினரா. கடன் வாங்குபவருக்கு மதிப்பு அறிக்கையின் நகல் காலத்தில் கொடுக்கப்பட்டதா. பாங்கிக்குள்ளே யார் யாரிடம் என்ன பேசினர் என்பவற்றை மதிப்பாளர் நேரில் அறியார். "சகல விதிகளும் சகலராலும் அனுசரிக்கப்பட்டன" என்ற வாசகத்தில் அவர் கையொப்பமிடுவாராயின், அறியாததை அறிந்ததாகச் சொன்னவர் ஆவார். உண்மை சொல்வதற்கென்றே அமர்த்தப்பட்டவர் தம் முதல் தாளிலேயே உண்மையல்லாததை எழுதலாகாது. "தமக்குத் தெரிந்தவரையில், தம்மை எவரும் வற்புறுத்தவில்லை" என்று அவ்வாசகத்தைத் திருத்தித் தருவதே முறை. வற்புறுத்தல் நேர்ந்திருப்பின் அவ்வாறு எழுதுவதும் தகாது; நடந்ததை நடந்தபடி தெரிவிக்கவேண்டும். வேலை உத்தரவு, கடிதங்கள், கணக்குக் குறிப்புகள் யாவற்றையும் குறைந்தது 5 வருஷம் பாதுகாக்க வேண்டுமென்பது ஒழுங்குவிதி. பிற்காலத்தில் அவருக்குத் துணையாவது அந்தக் கட்டேயாகும்.

5. பாங்கியின் கடமை

விதிமீறல் நடந்ததைக் கடன் முடியுமுன் பாங்கி அறிந்தால், அறிக்கையில் பெரும் பிழையில்லை என்பதைத் தக்க விசாரணையால் தீர்மானித்து எழுதி வைத்தாலன்றி அக்கடனைக் கொடுக்கலாகாது என்று 2010 ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. இதனால் பொறுப்பு பாங்கியைச் சேர்ந்தது என்பது தெளிவு. மதிப்பாளரைத் தெரிந்தெடுப்பவர் கடனால் லாபம் அடையாதவராக இருக்கவேண்டும். கூலி காலத்தில் கொடுபடவேண்டும். கடன் வாங்குபவருக்கு அறிக்கையின் நகல் முன்னதாகச் சேரவேண்டும். இவை நடக்கும் இடத்தில் அத்தாட்சி ஒரு நினைவூட்டலாக நிற்கும். இவை நடவாத இடத்தில் நூறு அத்தாட்சிகள் சேர்ந்தாலும் ஒரு நடுநிலைமையை உண்டாக்கா.

6. கவனிக்கவேண்டியவை

குடியானவர்கள் மதிப்பாளரிடம் தொகையை உயர்த்தும்படி கேட்கலாகாது; நிலத்தின் பாசனம், மண்வளம், விளைச்சல், அண்டை நிலங்களின் கிரயம் முதலிய உண்மை விவரங்களை ஆதாரத்துடன் தரலாம். அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற்று, விஸ்தீரணமும் எல்லையும் சரியா என்று பார்க்கவேண்டும். வட்டியும் தவணையும் நிலத்தின் சாதாரண வருஷ வருமானத்தில் அடங்குமா என்பதைக் கணக்கிட்ட பின்னரே கடனுக்கு ஒப்பவேண்டும்.

அத்தாட்சி கொடுக்கும் எவரும், கிராம உத்தியோகஸ்தர் உட்பட, மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம். இது கண்ணால் கண்டதா? பதிவேட்டில் பார்த்ததா? பிறர் சொல்லக் கேட்டதா? கண்டதைக் கண்டதாகவும், பதிவிலுள்ளதைப் பதிவிலுள்ளதாகவும் எழுதலாம். கேட்டதை மட்டும் தாம் அறிந்ததாக எழுதலாகாது. கையொப்பம் எவ்வளவு அறிவின்மேல் நிற்கிறதோ, அதனை நம்பிக் கடன் கொடுப்பவரின் பணமும் கடன் வாங்குபவரின் நிலமும் அவ்வளவே பத்திரமாக இருக்கும்.