ஓநாய் ஒன்றுதானா?

ஓநாய் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது பனிக்காட்டில் நின்று ஊளையிடும் பெரிய சாம்பல் நிற விலங்குதான். அது திரைப்படங்கள் நமக்குப் பழக்கிய உருவம். உயிரியல் பயிலும் மாணவன் என்ற முறையில், அவ்வுருவம் ஓநாயினத்தின் ஒரு கிளையை மட்டுமே காட்டுகிறது என்பதை இக்கட்டுரைவழி எடுத்துரைக்க விழைகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மலாய் மொழியில் ஓநாயைச் 'செரிகாலா' என்கிறோம். அச்சொல்லுக்கு மூலமான வடமொழிச் சொல் குறிப்பதோ குள்ளநரியை! தீபகற்ப மலேசியக் காடுகளில் ஓநாய் கிடையாது. இங்கு இருப்பது செந்நாய். அது வேறு பேரினம். ஓநாய்க்குக் கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பின்கடைவாய்ப் பற்கள், செந்நாய்க்கு இரண்டுதான். கண்ணால் காணாத விலங்குக்கு இரவல் பெயர் வாய்த்ததில் வியப்பில்லை.

இனி ஓநாய்க்கு வருவோம். அறிவியலில் சாம்பல் ஓநாய் என்பது 'கேனிஸ் லூப்பஸ்' என்ற ஒரே இனம். அதற்குள் பல துணையினங்கள் உண்டு. கனடா, அலாஸ்கா காடுகளில் வாழும் வடமேற்கு ஓநாயின் ஆண் பெரும்பாலும் 45 கிலோவுக்கு மேல் இருக்கும். இந்திய ஓநாயோ 17 முதல் 25 கிலோ வரைதான். அரேபிய ஓநாயும் ஏறக்குறைய 20 கிலோ. குளிர்நாட்டு விலங்கு உருவில் பெரிதாக இருக்கும் என்று பெர்க்மன் 1847இல் கூறினார். அதன் காது, வால் போன்ற உறுப்புகள் குட்டையாக இருக்கும் என்று ஆலன் 1877இல் கூறினார். உடலின் வெப்பம் வீணாகாமல் காப்பதே இவ்விரண்டுக்கும் சொல்லப்படும் காரணம்.

பாடநூல் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறது. ஆனால் விதி முழுமையாகப் பொருந்துவதில்லை. எல்லாவற்றிலும் வடக்கே, எல்ஸ்மியர் தீவில் வாழும் வெண்ணிற ஆர்க்டிக் ஓநாய்க்குக் காதும் முகவாயும் குறுகியவைதாம்; ஆலன் சொன்னது சரி. உடலளவில் மட்டும் அது தனக்குத் தெற்கே வாழும் வடமேற்கு ஓநாயைவிடச் சிறியது. 1987இல் வலேரியுஸ் கைஸ்ட் என்ற ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டினார். வடக்கே போகப்போக ஓநாயின் உடல் ஓர் எல்லைவரை பெருத்து, அதற்கப்பால் சிறுக்கிறது. குளிரைக் காட்டிலும், வளரும் பருவத்தில் கிடைக்கும் உணவே உருவத்தைத் தீர்மானிக்கிறது என்பது அவர் வாதம். எனக்கும் இதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

நிறத்தை வைத்துத் துணையினத்தைப் பிரிக்கலாமா? கூடாது. ஒரே ஈற்றில் சாம்பல் குட்டியும் கறுப்புக் குட்டியும் பிறப்பதுண்டு. வட அமெரிக்க ஓநாய்களின் கறுப்பு நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றம் நாய்களிடமிருந்து வந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த வேறுபாடுகளை அறிவதால் என்ன பயன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மெக்சிகோ ஓநாயைப் பாருங்கள். அழிவின் விளிம்பில் பிடிக்கப்பட்டவற்றுள் ஏழே ஓநாய்களின் வழித்தோன்றல்கள்தாம் இன்று வாழ்கின்றன. 1998 முதல் அவை மீண்டும் காட்டில் விடப்பட்டன. அது தனித் துணையினமே அல்ல என்றாகிவிட்டால், அதற்கான சிறப்புப் பாதுகாப்பும் ஆட்டம் காணும். ஆகவேதான் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் இதனை ஆராய்ந்து, அது தனித் துணையினமே என்று 2019இல் அறிவித்தன.

இந்திய ஓநாயின் நிலை இன்னும் விந்தையானது. கிப்ளிங் 'வனப் புத்தகத்தில்' மௌக்லியை வளர்த்தது இதுதான். குட்டை மயிர், மணல் நிறம், மெலிந்த உடல். பார்ப்பதற்கு நாட்டு நாய்போல இருக்கும். ஆனால் உலக ஓநாய்களுள் மிகப் பழைய கிளைகளுள் ஒன்று இது என்பதை 2021இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. இந்தியாவில் எஞ்சியிருப்பவை சுமார் மூவாயிரம். அவை வாழும் புல்வெளிகளோ அரசுப் பதிவேடுகளில் 'தரிசு நிலம்'.

ஜப்பானில் காலம் கடந்துவிட்டது. ஹொக்கைடோத் தீவின் பெரிய ஓநாய், பண்ணைக்காரர்கள் வைத்த நஞ்சுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலியானது. ஹொன்ஷூவின் ஓநாய் குட்டைக் காலுடையது; தோள் உயரம் 60 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. அதன் கடைசி உடல் 1905இல் நாரா மாநிலத்தில் கிடைத்தது. பாடம் செய்யப்பட்ட உடல்கள் மிகச் சிலவே உள்ளன. ஜப்பானிய தேசிய அருங்காட்சியகத்தின் கிடங்கில் 'காட்டு நாய் வகை' என்ற சீட்டோடு கிடந்த ஓர் உடலை 2020இல் பார்த்த தொடக்கப்பள்ளி மாணவி ஒருத்தி, இதன் உருவம் ஓநாய்போல இருக்கிறதே என்று ஐயுற்றாள். அளவுகளையும் பழைய பதிவேடுகளையும் ஒப்பிட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அவள் எழுதிய ஆய்வுக்கட்டுரை 2024இல் வெளிவந்தது. அது ஹொன்ஷூ ஓநாயாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்பது அதன் முடிவு.