போர்க்களத்திற் படக்கருவி

“கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய்” என்பது நம் முன்னோர் வாக்கு. போர்ப் படங்களைக் காணுங்கால் இதனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். படத்தை ஆராயுமுன் அதனைப் பிடித்த கருவியை ஆராய்தல் நன்று. கருவியால் இயன்றதே படமாயிற்று, இயலாதது மறைந்தொழிந்தது.

1855ஆம் ஆண்டிற் கிரிமியப் போர்க்களஞ் சென்ற ஆங்கிலேயர் றொஜர் பென்ரன் கையாண்டது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அஃது உலருமுன் ஒளிபடச் செய்து, உருவையுந் துலக்கிவிடல் வேண்டும். இதற்காக ஒரு வண்டியையே இருட்டறையாக்கி உடன்கொண்டு சென்றார். ஒளிபடுதற்குச் சில விநாடிகள் வேண்டியிருந்தமையால், விரைந்தோடும் எதுவும் தெளிவாய் அமையாது. ஆதலின் அவர் படங்களிற் கூடாரங்களையும் அமர்ந்திருக்கும் அதிகாரிகளையும் காண்கின்றோம். போர் நிகழ்வதைக் காண்கிலோம். பீரங்கிக் குண்டுகள் சிதறிய பள்ளத்தாக்கொன்றை அவர் இருமுறை படம்பிடித்தார். ஒன்றிற் பாதை வெறிதாயுள்ளது. மற்றதிற் பாதைமேற் குண்டுகள் கிடக்கின்றன. குண்டுகள் பின்னரே பாதையில் இடப்பட்டன என்பது ஆராய்ந்தோர் பலரின் முடிபு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் ‘ஐமோ’ என்னுஞ் சலனப்படக் கருவியைப் பெரிதும் பயன்படுத்தினர். சாவி முடுக்கி இயக்கும் இக்கருவியைக் கையிலேந்தி ஓடலாம். நூறடிச் சுருளில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட காட்சியே அடங்கும். கைந்நடுக்கமும் குண்டதிர்ச்சியும் படத்திற் பதிந்தன. அந்நடுக்கமே உண்மைக்கு அடையாளமெனக் கருதப்பட்டது. எனினும், ஜோன் ஹியூஸ்ரன் இத்தாலியிற் பிடித்து 1945இல் வெளிவந்த ‘சான் பியெத்ரோ’ப் படத்தின் சண்டைக் காட்சிகள் பல, சண்டை ஓய்ந்தபின் வீரரைக் கொண்டு மீள நடிப்பித்தவை. நடுக்கத்தையும் ஆக்கிக்கொள்ளலாம் என்பது இதனாற் பெறப்படும்.

1945 பெப்ருவரி 23இல், யப்பானியத் தீவாகிய இவோ ஜீமாவின் மலையுச்சியிற் கொடி நாட்டப்படுவதை ஜோ றோசென்தால் ‘ஸ்பீட் கிராபிக்’ கருவியாற் பிடித்தார். அது முதற் கொடிக்கு மாற்றாக ஏற்றிய இரண்டாவது கொடி. வீரரை நிறுத்திவைத்துப் பிடித்த படமென்று அவர்மீது பழி எழுந்தது. ஆயின் அவரருகே நின்ற படைவீரர் வில்லியம் ஜெனஸ்ற், அந்நிகழ்ச்சியை 16 மில்லிமீற்றர் வண்ணச் சுருளிற் பதிவுசெய்திருந்தார். அச்சுருளே பழியைத் துடைத்தது. ஜெனஸ்ற் சில நாட்களில் அத்தீவிலேயே மாண்டார். படத்திலுள்ள வீரர் இன்னாரென்பது 2016இலும் 2019இலும் ஆராய்ந்து திருத்தப்பட்டது.

ஆகவே, போர்ப்படம் ஒன்றைக் காணுந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புவோமாக: பிடித்த கருவி யாது? அஃது எங்கு நின்றது? அருகே வேறொரு கருவி நின்றதா? வினவாது நம்புதலும், வினவாது மறுத்தலும் அறிவுடைமையாகா.