உடன்படவும் வலியுறுத்தவும் உதவும் ஆங்கிலச் சொற்கள்

ஜார்ஜ் டவுனிலிருந்து 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி குடிபெயர்ந்து வந்தது முதல் ஆங்கிலக் கல்வி செழித்துவரும் தாம்பரத்திலிருந்து, சானடோரியத்து ஏற்றுமதி மண்டலத்துக்கும் பெருங்குடி, சோழிங்கநல்லூர்க் கணினி நிறுவனங்களுக்கும் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் பிள்ளைகள், வாக்கியங்களைப் பிழையின்றி அமைத்தும், உடன்படுமிடத்திலும் வலியுறுத்துமிடத்திலும் தடுமாறுவதைக் கண்ட விசனமே இதை எழுதத் தூண்டியது.

முதற்கண், எதற்கு உடன்படுகிறோம் என்பதை நிச்சயித்துக்கொள்ளுதல் அவசியம். எதிரிலிருப்பவரின் அபிப்பிராயம் நம் மனத்திலிருந்ததையே எடுத்துரைத்ததாயின் ‘எக்ஸாக்ட்லி’ என்க. அதை முழுமனத்தோடு ஏற்பதாயின் ‘அப்ஸல்யூட்லி’. அவர் ஒரு காரியத்தை வேண்டினால் ‘சர்ட்டன்லி’. செய்துமுடிப்பதாக வாக்களிக்கையில் ‘டெஃபினிட்லி’. ‘ஆஃப் கோர்ஸ்’ என்பது வேண்டுகோளுக்கு இனிய விடையேயாயினும், விவரமறியக் கேட்ட வினாவுக்கு விடையாகுங்கால், இதையும் கேட்கவேண்டுமா என்ற அலட்சியத் தொனியைப் பெற்றுவிடக்கூடும்.

அடுத்து, குணத்தின் தன்மையை நோக்குக. ‘குட்’, ‘டயர்ட்’ போன்று கூடவும் குறையவும் கூடியவற்றுக்கு ‘வெரி’ பொருந்தும். ‘எக்ஸலண்ட்’, ‘இம்பாஸிபிள்’ போன்று உச்சத்தைத் தாமே எட்டிவிட்டவற்றுக்கு ‘அப்ஸல்யூட்லி’யே தகும். ‘ஐ ரியலி லைக் இட்’, ‘ஷி இஸ் சர்ட்டன்லி ரைட்’ என்று வலியுறுத்தும் சொல் அமரும் இடத்தையும் செவியில் பதித்துக்கொள்க.

யான் மிகவும் வற்புறுத்த விரும்புவது நம் ‘தான்’ பற்றியே. ‘சொந்த ஊர் எது?’ என்ற வினாவுக்குத் ‘தாம்பரம்தான்’ என்று இயல்பாக விடையிறுக்கும் நம் நா, ஆங்கிலத்திலும் ‘ஐ ஆம் ஃப்ரம் தாம்பரம் ஒன்லி’ என்று கூறிவிடுகிறது. நம்மிடையே இது தெளிவாக விளங்குமாயினும், அயல்நாட்டவர் செவிக்குத் தாம்பரத்தைத் தவிர வேறில்லை என்ற விபரீத அர்த்தமே தொனிக்கும். நாம் இடைச்சொல்லால் பெறும் அழுத்தத்தை ஆங்கிலேயர் பெரும்பாலும் குரலாலேயே பெறுகின்றனர்; ஆகையால் ‘ஒன்லி’யை நீக்கித் ‘தாம்பரம்’ என்பதைச் சற்றே உரத்துச் சொன்னால் போதுமானது. ‘நேற்றுதான் வந்தேன்’ என்பதற்கு அச்சொல் வேண்டுமெனில், ‘ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே’ என்று அதனை நேற்றுக்கு முன்னே நிறுத்துக.

‘ஆக்சுவலி’யைத் தொடக்கத்திலேயே வைப்பதும் கேட்பவரை மறுப்பதுபோல் ஒலிக்குமாதலால், பிறர் கருத்தைத் திருத்தும்போது மட்டும் அதனை எடுத்தாள்க. தேர்வுக்கு முந்தின நாள் உங்கள் விடைகளைக் கைப்பேசியில் பதிந்து கேட்டு, காரணமின்றி நுழைந்த ‘ஒன்லி’யையும் ‘ஆக்சுவலி’யையும் களைந்து, மீண்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.